தந்தநிறமா, வெளிர்நீலமா?

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், கல்லடி தொடங்கிக் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எனத் தெற்கே தொடரும் ஊர்களில், சித்திரை வருடப்பிறப்போ நோன்புப் பெருநாளோ வீட்டில் ஒரு கலியாணமோ நெருங்கும் தறுவாயில், சுவர்களுக்குப் புதுப்பூச்சிடும் காரியம் தொடங்குவதும், அதனோடு கூடவே குடும்பத்தாரிடையே ஒரு சிறு விவகாரம் தலையெடுப்பதும் வழக்கம். பெயின்ற் கடையிலிருந்து கொண்டுவந்த நிற அட்டையை விறாந்தையில் விரித்துவைத்து ஒருவர் தந்தநிறத்தைச் சுட்டுவார். மற்றவர் அதற்கு இரண்டு வரிசை தள்ளியிருக்கும் வெளிர்நீலத்தைச் சுட்டுவார். தந்தநிறம் இரண்டு வருடத்தில் அழுக்கேறிய தோற்றம் காட்டும் என்று ஒரு கட்சியும், நீலம் ஆசுபத்திரி வார்ட்டை ஞாபகப்படுத்தும் என்று எதிர்க்கட்சியும் வாதாடி, முடிவில் அந்த வீட்டில் எவருடைய வார்த்தை செல்லுமோ அவருடைய நிறமே சுவரேறும். இருசாராரும் நேர்மையாகவே வாதிக்கின்றனர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பிரமாணமாகக் கொண்ட அட்டையோ, அறியவேண்டிய விஷயத்தில் பாதியைக்கூடச் சொல்ல வல்லதன்று. எந்தச் சுவரில், எந்தத் திசை நோக்கிய யன்னலுக்கருகே, பகலின் எந்தப் பொழுதில், எவருடைய கண்ணால் என்பவற்றைச் சொல்லாமல் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு ஒப்பிடுவது பொருளற்ற காரியம் என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது.

நிறம் பூச்சுக்குள் இருக்கிறது என்று எண்ணுவது நமது அன்றாட வழக்கு. இருட்டறையொன்றில் சூரியகிரணத்தை முப்பட்டைக் கண்ணாடியூடே செலுத்தி, வெள்ளொளி பல்வேறு கதிர்களின் கலப்பே என்பதை 1666ஆம் ஆண்டளவில் கண்டறிந்த ஐசாக் நியூற்றன், 1704இல் வெளியிட்ட தமது ஒளியியல் நூலில், செவ்வனே சொல்லப்புகின் கதிர்களுக்குக்கூட நிறம் கிடையாதென்றும், நிற உணர்ச்சியை எழுப்பும் இயல்பொன்றே அவற்றுக்கு உண்டென்றும் தெளிவுபடுத்தினார். சுவர்ப்பூச்சு தானாக ஒளிர்வதில்லை. தன்மீது விழும் கதிர்களில் சிலவற்றை விழுங்கி எஞ்சியவற்றைத் திருப்பியனுப்புவது மாத்திரமே அதன் தொழில். திரும்பி வரும் ஒளி, கண்ணின் விழித்திரையிலுள்ள மூவகைக் கூம்புக்கலங்களை வெவ்வேறு அளவில் தூண்ட, அத்தூண்டல்களை மூளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிய பின்னரே மஞ்சள் என்றோ நீலம் என்றோ ஒரு தீர்ப்பு பிறக்கின்றது. கண்ணில் மூவகை உணர்வுகளே இருத்தல் வேண்டும் என்று, அக்கலங்களை எவரும் காணுமுன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் யங் ஊகித்துக் கூறியிருந்தார். விழும் ஒளி, சுவர், காணும் கண் என்னும் மூன்றில் எது மாறினும் நிறம் மாறும். கடையில் நாம் விலைகொடுத்து வாங்குவது இம்மூன்றில் ஒன்றை மட்டுமே.

விழும் ஒளியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் இவ்விஷயத்தில் மட்டக்களப்பு ஒரு விசேஷமான தேசம். வீட்டலங்காரம் பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் நூல்கள் அனைத்தும், வடக்கு நோக்கிய அறைக்கு வெயில் ஒருபோதும் வாராது, ஆதலின் அது குளிர்ந்த நீலச்சாயலுடையது, அதற்கு மஞ்சள் சார்ந்த பூச்சே பொருந்தும் என்று சூத்திரம்போல் ஒப்பிப்பது வழக்கம். அந்தச் சூத்திரம் இலண்டனுக்குப் பெரும்பாலும் சரி. மட்டக்களப்போ வட அகலாங்கு ஏழே முக்கால் பாகையளவில் கிடப்பது. ஏப்பிரல் இரண்டாம் வாரமளவில் சூரியன் நமது உச்சியைக் கடந்து வடபால் சென்று, செப்டெம்பர் முதல் வாரத்திலேதான் மீண்டும் உச்சியைக் கடந்து தென்பால் திரும்புகின்றது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து மாதங்களும் வடக்கு யன்னலுக்கே வெயில். அதுவும் ஆனி மாதத்தில், நண்பகலில் உச்சியிலிருந்து வடக்கே பதினைந்து பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும் சூரியனை இறவாரம் மறைத்தாலும், கிழக்குக்கு வடபுறமாக உதித்து மேற்குக்கு வடபுறமாக மறையும் அதே சூரியனின் கிரணங்கள் காலையிலும் மாலையிலும் சாய்வாக வடக்கு அறைக்குள் புகுந்துவிடுகின்றன. ஆகவே, கொழும்பில் அச்சிட்டதாயினும் மேனாட்டு நூலைத் தழுவி எழுதிய அலங்காரக் குறிப்பை நம்பி வடக்கு அறைக்கு நிறம் தெரிபவர், வருடத்தில் ஐந்து மாதம் தவறான அறையில் வசிப்பவராவார்.

கிழக்கும் மேற்கும் இங்கே இன்னும் சுவாரசியமானவை. வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் சூரியனைக் கொண்டே வழங்கும் பிரதேசம் இது. எழுவான்கரையில் கடல்முகமாகத் திறக்கும் அறை, காலை பத்துமணி வரை நேரான வெயிலைப் பெற்று, அதன்பின் பகல் முழுவதும் ஆகாயத்தின் நீலவொளியையும் கடற்பரப்பு திருப்பியனுப்பும் அதே நீலத்தையும் தவிர வேறொன்றும் அறியாது. ஆகாயம் நீலமாயிருப்பதன் காரணத்தை 1871இல் விளக்கிய றேலி பிரபு, காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக அமைகின்றதெனக் காட்டினார். அக்கணக்கின்படி 450 நனோமீற்றர் நீலம் 650 நனோமீற்றர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகின்றது. அங்ஙனம் சிதறிய ஒளியே பிற்பகலில் கடல்முக அறைக்குள் வருவது. அந்த அறையில் வெளிர்நீலம் அடித்தால், நீலத்தின் மேல் நீலம் விழுந்து, அட்டையில் கண்டதைவிட அழுத்தமான, சற்றே சோகம் கவிந்த ஒரு நிறமாகிவிடும்.

வாவிமுக அறையின் கதை நேர்மாறானது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி, உச்சிவெயிலில் தன்மேல் செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கையே திருப்பியனுப்பும். நீர் பார்வைக்குக் கறுத்தோ பசுத்தோ கிடக்கும். சூரியன் படுவான்கரைப் பக்கம் தாழத் தாழ இப்பங்கு கூடிக்கொண்டே வந்து, அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில், அதாவது மறைவதற்கு ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்கு முன், அமைதியான நீர்ப்பரப்பு விழும் ஒளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பிரதிபலிக்கின்றது. ஆதலால் அந்த நேரத்தில் வாவியோர வீட்டுக்கு இரண்டு சூரியன்கள் உண்டு என்று சொல்வது மிகையன்று. ஒன்று யன்னலூடே தரையில் விழ, மற்றையது நீரிலிருந்து மேல்நோக்கி எழுந்து முகட்டிலே நெளியும். இரண்டும் காற்றின் தடித்த அடுக்குகளைக் கடந்து நீலத்தை இழந்துவந்த செம்மஞ்சள் ஒளி. இவ்வொளியில் தந்தநிறச் சுவர் பழுத்த மாம்பழச் சாயலை அடைய, வெளிர்நீலமோ தான் திருப்பியனுப்ப வேண்டிய நீலக்கதிர் போதிய அளவு கிடைக்காமையால் அடங்கி, மென்மையான சாம்பல் வெண்மையாகத் தோன்றும். வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வெக்கையில் வெந்து வீடு திரும்பியவருக்கு இவ்விரண்டில் எது இதம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நீலச்சுவர் அறையின் வெப்பமானி காட்டும் அளவைக் குறைப்பதில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இனி, அட்டை ஒருபோதும் சொல்லாத இரகசியத்துக்கு வருவோம். அறை ஒரு மூடிய பெட்டி. யன்னலூடே புகுந்த ஒளி ஒரு சுவரில் பட்டவுடன் கண்ணுக்கு வந்துவிடுவதில்லை. பெரும்பகுதி எதிர்ச்சுவருக்கும், அங்கிருந்து முகட்டுக்கும், முகட்டிலிருந்து மீண்டும் சுவருக்குமாக மாறிமாறிச் சென்றே அடங்குகின்றது. ஒவ்வொரு மோதலிலும் பூச்சு தன் வரியை அறவிடுகின்றது. தந்தநிறப் பூச்சொன்று சிவப்புக் கதிரில் நூற்றுக்கு 85 பங்கையும் நீலக்கதிரில் நூற்றுக்கு 65 பங்கையும் திருப்பியனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை பட்டுத் திரும்பிய ஒளியில் சிவப்பு நீலத்தைவிட 1.3 மடங்கு, அட்டையில் நாம் காண்பது இதுவே. மூன்றுமுறை பட்டுத் திரும்பிய ஒளியிலோ சிவப்பு 61 பங்கும் நீலம் 27 பங்கும் எஞ்சி, விகிதம் 2.2 மடங்காகிவிடுகின்றது. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோலவே நிறத்தின் மேல் நிறம் ஏறும் இக்கணக்கினால்தான், அட்டையில் வெண்மைக்கு மிக நெருங்கியதாகத் தோன்றிய தந்தநிறம் நான்கு சுவரிலும் ஏறியபின் வெண்ணெய் மஞ்சளாகி, வீட்டுக்காரரைக் கடைக்காரரோடு சண்டைக்கு அனுப்புகின்றது. கடைக்காரர் கலவையில் ஒரு துளியும் பிசகியிருக்கமாட்டார். மூலைகளில் இம்மாற்றம் அதிகமாயிருப்பதையும், யன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவரின் நடுவில் குறைந்திருப்பதையும் எவரும் தத்தம் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

இதே கணக்கு அறையின் பிரகாசத்தையும் ஆள்கின்றது. என் அபிப்பிராயத்தில் மஞ்சளா நீலமா என்னும் வழக்கைவிட இதுவே பெரிது. அமெரிக்க ஓவிய ஆசிரியரான அல்பேட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிறமுறையில், கறுப்பைச் சுழியமாகவும் வெள்ளையைப் பத்தாகவும் கொண்டு வெண்மையைப் பத்துப் படிகளாகக் கண்ணால் சமமாகத் தோன்றுமாறு பகுத்தார். கண்ணுக்கு நட்டநடுவாகத் தோன்றும் ஐந்தாம் படிச் சாம்பல்நிறம் உண்மையில் தன்மீது விழும் ஒளியில் ஐந்திலொரு பங்கையே திருப்பியனுப்புகின்றது என்பது பலருக்கும் வியப்பூட்டும் விஷயம். ஒன்பதாம் படியிலுள்ள பூச்சு நூற்றுக்கு 79 பங்கையும், எட்டாம் படியிலுள்ளது 59 பங்கையும் திருப்புகின்றன. அட்டையில் இவ்விரண்டும் அக்கம்பக்கத்துச் சதுரங்கள். பார்வைக்கு அற்ப வித்தியாசம். ஆனால் அறையின் எல்லாப் பரப்புகளும் ஒரே பூச்சு என்று கொண்டு, எண்ணிலா மோதல்களையும் கூட்டிக் கணக்கிட்டால், முதலாவது அறையில் புகுந்த ஒளி ஏறக்குறைய 4.7 மடங்காகவும், இரண்டாவதில் 2.4 மடங்காகவும் பெருகுவதைக் காண்போம். அதாவது, ஒரு படி இறங்கியதால் ஒளி பாதியாகிவிட்டது. யன்னலும் தரையும் தளபாடங்களும் ஒளியை உண்பதால் மெய்யான வீட்டில் நட்டம் இத்துணை பெரிதாயிராது. எனினும் வடகீழ்ப் பருவமழை காலத்தில், கார்த்திகை மார்கழியில் நாட்கணக்காக ஆகாயம் மூடிக்கிடக்கையில், பகல் பதினொரு மணிக்கே மின்குமிழை ஏற்றும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் குற்றம் யன்னலில் அன்று, எட்டாம் படிக்குக் கீழிறங்கிய சுவரில்தான் இருக்கின்றது.

கண்ணைப் பற்றிச் சில வார்த்தை. விழித்திரையின் நடுப்பகுதியில், நாம் எதனையும் உற்றுநோக்கும் இடத்தில், மஞ்சள்நிறப் பொருளொன்று படர்ந்து நீலக்கதிரில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றது. கையை நீட்டிப் பெருவிரலின் அகலத்தைப் பார்த்தால் அது ஏறக்குறைய இரண்டு பாகை. அட்டையிலுள்ள சதுரம் அவ்வளவே பெரிதாகையால், அதன் பிம்பம் முழுவதும் அந்த மஞ்சட் பகுதிக்குள்ளேயே விழுந்துவிடும். சுவரோ பார்வைப் புலத்தையே நிறைப்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்தே, ஒளி அளவீட்டுக்கான சர்வதேச ஆணைக்குழு, 1931இல் இரண்டு பாகைக் காட்சிக்கென நிர்ணயித்த நியமக் கண்ணுக்குத் துணையாக, 1964இல் பத்துப் பாகைக் காட்சிக்கென இன்னொன்றையும் நிர்ணயித்தது. வயதும் ஒரு திரை. மூப்பு ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளித்து நீலத்தை வடிகட்டுகின்றது. கண்புரையால் நீண்டகாலம் வருந்திய பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே, 1923இல் சத்திரசிகிச்சைக்குப்பின் உலகமே நீலம் பூத்துவிட்டதாக முறையிட்டார். அம்மம்மா வெள்ளையென்று சாதிக்கும் சுவரைப் பேரப்பிள்ளை நீலமென்று சாதித்தால், இருவரும் மெய்யே சொல்கின்றனர்.

பக்கத்து நிறங்களின் தொல்லை இதனினும் வேறு. பாரிசிலுள்ள கோபெலின் அரச நெசவுச்சாலையின் சாயப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த செவ்ரோல் என்னும் இரசாயன விற்பன்னர், கறுப்பு நூல் வெளிறிவிடுகின்றது என்று வந்த முறைப்பாட்டை ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, நீலமும் ஊதாவும் ஆகிய நூல்களின் அயலே நெய்யப்படுவதே குறை என்று கண்டு, ஒரு நிறம் தன் அயல்நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தை நோக்கித் தள்ளிவிடும் நியதியை 1839இல் நூலாக வெளியிட்டார். மருதமுனைக் கைத்தறிகளில் சேலையின் உடலுக்கும் கரைக்கும் நூல் தெரியும் நெசவாளர் எவரும் இந்நியதியைக் கைப்பழக்கத்தால் அறிவர். நமது பழைய வீடுகளில் மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரை சாதாரணம். அத்தரையிலிருந்து எழும் சிவப்பொளி வெளிர்நீலச் சுவரின் கீழ்ப்பாதியில் விழுந்து அதனை ஊதாச் சாம்பலாக்க முயல, கண்ணினுள்ளே நிகழும் செவ்ரோலின் நியதியோ அதே நீலத்தைப் பச்சை நோக்கித் தள்ள முயல்கின்றது. ஒன்று சுவரில் நடப்பது, மற்றது தலைக்குள் நடப்பது. இரண்டும் ஒன்றையொன்று முழுவதும் ஈடுசெய்வதில்லை. சிவப்புத் தரைக்கு வெளிர்நீலம் ஒத்துவராதென்று மூத்த மேசன்மார் சொல்வதை நான் அனுபவ ஞானமாகவே மதிக்கின்றேன். தந்தநிறமோ அதே சிவப்பை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். எனினும் தூய வெள்ளை யன்னற்சட்டம் அருகிருந்தால் தந்தநிறத்தின் மஞ்சள் அம்பலமாகும். சட்டமும் முகடும் அதே நிறமாயின், ஒரு நாழிகைக்குள் கண் அதனையே வெள்ளையென்று ஏற்றுக்கொண்டு அமைதியடையும்.

பூச்சின் உட்பொருளையும் சற்றே பார்த்தல் தகும். முன்னாளில் நம்மவர் வீட்டுக்கு வெள்ளையடித்தது சுண்ணாம்பினால். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறிக் காற்றின் காபனீரொட்சைட்டை உட்கொண்டு மீண்டும் கல்லாகிவிடுகின்றது. தூரிகை பட்டவுடன் கண்ணாடிபோல் ஊடுதெரிந்து, காய்ந்தபின்னரே வெளுக்கும் அதன் குணத்துக்குக் காரணம் முறிவுச்சுட்டி. நீரின் சுட்டி 1.33, சுண்ணத்துகளினது ஏறக்குறைய 1.6, இரண்டும் அண்மித்தவையாகையால் ஒளி அதிகம் சிதறாமல் உட்புகுந்துவிடும். நீர் போய்த் துகள்களிடையே சுட்டி 1 மட்டுமேயுள்ள காற்று புகுந்தபின் சிதறல் பெருகி வெண்மை பிறக்கின்றது. மாரிகாலத்தில் ஈரம் ஊறிய சுவரின் அடிப்பகுதி கறுத்துத் தோன்றுவதும் இதே நியாயத்தின் மறுபக்கமே. சுண்ணாம்பில் சிறிது துணிநீலம் கரைக்கும் வழக்கமும் இருந்தது. அந்நீலம், 1820களில் பிரான்சில் கிமே என்பார் செயற்கையாக ஆக்கிய அல்ட்ராமரின் என்னும் நிறமி, காரத்துக்கு அஞ்சாதது, சுண்ணாம்பின் மஞ்சட் சாயலை விழுங்கிவிடுவது. விழுங்குவதால் சுவர் திருப்பும் ஒளி சற்றுக் குறைகின்றது. ஆயினும் கண்ணுக்கு முன்னிலும் வெண்மையாகத் தோன்றுகின்றது. தந்தநிறக் கட்சிக்கும் நீலக் கட்சிக்கும் நம் முன்னோர் ஒரே வாளியில் செய்துவைத்த சமரசம் என்று இதனைக் கொள்ளலாம்.

இக்காலத்து எமல்சன் பூச்சுகளில் வெண்மை தருவது டைட்டேனியம் ஈரொட்சைட்டு. அதன் முறிவுச்சுட்டி 2.7 அளவினது, ஒட்டுப்பொருளின் சுட்டி 1.5. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் மெல்லிய பூச்சும் பழைய சுவரை முற்றாக மறைத்துவிடுகின்றது. தந்தநிறமாயினும் வெளிர்நீலமாயினும் அதன் உடல் இந்த வெள்ளையே. மஞ்சளோ நீலமோ தரும் நிறமி அதில் அற்பமே. இவ்வெண்மையின் மூலப்பொருள் நமது கிழக்குக் கரையிலேயே, மட்டக்களப்புக்கு வடக்கே திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில், கருமணலாகக் குவிந்து கிடக்கின்றது. இல்மனைற்று எனப்படும் அம்மணல் இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனோடு கூடியது. இரும்பை அகற்றினால் எஞ்சுவது உலகின் மிகச்சிறந்த வெள்ளை. அம்மணலை எடுப்பதற்கென 1957இல் கூட்டுத்தாபனமொன்று நிறுவப்பட்டது. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி, வெள்ளைப்பொடியாக வேறு தேசங்களிலிருந்து விலைகூடித் திரும்புகின்றது. இது பொருளியலார் ஆராயவேண்டிய விஷயம். நாம் அறைக்குத் திரும்புவோம்.

இரவு வந்தால் வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சாயங்கால மங்கலில் கூம்புக்கலங்கள் அயர, கோல்கலங்கள் பார்வையை ஏற்கின்றன; இவை சிவப்பை ஏறக்குறைய அறியாதவை, நீலம் கலந்த பச்சையில் கூர்மையானவை. பகலில் ஒத்த பிரகாசமுடையவாகத் தோன்றிய செம்பூவும் நீலப்பூவும் விடியல் மங்கலில் வேறுபடுவதைக் கண்டு, செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிவைத்தார். பழைய கல்லடிப் பாலத்தருகே பௌர்ணமி இரவுகளில் மீன் பாடும் ஓசை கேட்கத் தோணியில் செல்பவர்கள், திரும்பி வந்து விளக்கேற்றாத அறையை நோக்கினால், தந்தநிறச் சுவரைவிட நீலச்சுவரே ஒருபடி வெளுத்துத் தோன்றக் காணலாம். ஆனால் அதை நீலமென்று எவராலும் சொல்லமுடியாது, நிலவொளியில் நிறமறியும் சக்தி நமக்கு அவ்வளவு குன்றிவிடுகின்றது. மண்ணெண்ணெய் விளக்கோ 1900 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளியுடையது. அதில் தந்தநிறம் வெள்ளையாகவும் வெளிர்நீலம் சாம்பலாகவும் மாறும்.

மின்குமிழ் இன்னொரு சங்கடத்தை உண்டாக்குகின்றது. இசையின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து 1947இல் யாழ்நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த நாடு இது. ஒரு நரம்பின் ஓசையையும் இரு நரம்புகளின் கூட்டோசையையும் நல்ல செவி பிரித்தறியும் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. கண்ணுக்கு அத்திறமை இல்லை. முற்றும் வேறான இரு ஒளிக்கலவைகள் மூவகைக் கூம்புகளையும் ஒரே அளவில் தூண்டிவிட்டால், கண் இரண்டையும் ஒன்றென்றே கொள்ளும். ஆகையால், பகலொளியில் ஒன்றாயிருந்த இரு பூச்சுகள் எல்.ஈ.டி. குமிழின் கீழ் வேறாவதும், இரு கம்பனிகளின் 'ஒரே' தந்தநிறம் இரவில் ஒட்டுப்போட்ட சுவராவதும் நிகழ்கின்றன. எல்.ஈ.டி. குமிழின் வெள்ளொளி, நீலவொளி உமிழும் சில்லொன்றின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவிப் பெறுவது. நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே அதன் நிறமாலையில் ஒரு பள்ளம் உண்டு. பச்சை கலந்த வெளிர்நீலங்கள் பெரும்பாலும் இப்பள்ளத்தில் விழுந்து வாடிவிடுகின்றன. நம்மவர் விரும்பி வாங்கும் 6500 கெல்வின் 'பகல் வெள்ளை'க் குமிழோடு வெளிர்நீலமும் சேர்ந்தால் முகங்கள் வெளிறித் தோன்றும். அக்குமிழை மாற்ற மனமில்லாதவர் தந்தநிறத்தையே நாடுக.

என் தீர்ப்பு இதுவே: கடல்முக அறைக்கும், சிவப்புத் தரையுள்ள அறைக்கும், பெரும்பாலும் இரவிலேயே புழங்கும் அறைக்கும் தந்தநிறம், வாவிமுகமாக மேற்கு வெயிலை ஏந்தும் அறைக்கு வெளிர்நீலம், எதுவாயினும் மன்செலின் ஒன்பதாம் படிக்குக் கீழே இறங்கலாகாது, நான்கு சுவரும் அதே நிறமாயின் அட்டையில் விரும்பியதைவிட ஓர் இழை வெளிறியதையே எடுத்தல் வேண்டும். படுவான்கரையில் யன்னலுக்கு வெளியே வயல் விரிந்திருப்பின் பயிர்க்காலத்தில் அறைக்குள் பச்சையொளி வரும் என்பதையும் கணக்கிற் சேர்க்க. ஆயினும் என் தீர்ப்பை நம்பிச் சுவரை ஒப்படைத்துவிடாதீர்கள். இரு நிறத்திலும் மிகச் சிறிய பேணி ஒவ்வொன்று வாங்கி, ஒரு முழம் அகலத்துக்குக் குறையாத இரு பலகைகளில் இரண்டு தடவை பூசி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் கண்ட நிறம் சாட்சியாகாது. இரண்டையும் ஒரே சமயத்தில் அருகருகே வைத்துப் பார்க்காமல், ஒவ்வொன்றாக மூலையிலும் யன்னலுக்கு எதிரிலும் சாத்தி, வெள்ளைக் கடுதாசியொன்றை அருகே பிடித்து, காலையிலும் நண்பகலிலும் சூரியன் சாயும் வேளையிலும் உங்கள் சொந்தக் குமிழின் கீழும், வீட்டு முதியவரையும் பிள்ளைகளையும் கூட்டிவைத்து நோக்குங்கள். அதன்பின்பு பெரிய வாளிக்கு முன்பணம் கொடுங்கள்.